உட்கார்ந்தே இருப்பேன்

என் வீட்டில் மீன் நின்றுபோனபோதுதான், நான் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கப்போகிறேன் என்பது எனக்கே தெரியவந்தது.

அதுவரை தினமும் மத்தியானம் ஒரு கிண்ணம் ஹாருவான் மீன் சூப் எனக்கு வந்துகொண்டிருந்தது. நம்முடைய விரால்தான். இஞ்சியும் மிளகும் தட்டிப்போட்டு, தண்ணீர் பாதியாக வற்றும்வரை கொதிக்கவைப்பார்கள். புண் ஆறுவதற்கு இதைவிட வேறு மருந்து கிடையாது என்பதில் மட்டும் ஜொகூரில் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாருக்கும் ஒரே கருத்து. ருசியைப் பற்றி யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். சேற்று வாடை அடிக்கும். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன்.

திடீரென்று ஒருநாள் சூப் வரவில்லை. கோஸ் பொரியலும் சாம்பாரும் வந்தன. மறுநாள் பயறு, அதற்கடுத்த நாள் கீரை. குளிர்பெட்டியில் இருந்த முட்டைகளும் காணாமல் போயின. கேட்டால், சமையற்கட்டிலிருந்து புஷ்பவள்ளி அக்கா குரல் மட்டும் வந்தது.

"விரதம் ஆரம்பிச்சிருச்சுல்ல."

யாருக்கு என்று கேட்டேன்.

"உனக்குத்தான்."

புஷ்பவள்ளி அக்கா என் கணவர் விஜயனின் மூத்த சகோதரி. தங்காக்கில் இருப்பவர். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே ஒரு பெட்டியையும் தன் சொந்த அரிவாள்மனையையும் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். வேறு யாருடைய அரிவாள்மனையிலும் அவருக்குக் காய் நறுக்க வராது. வந்த நாளிலிருந்து சமையற்கட்டு அவர் ராஜ்ஜியம். அவரைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். என்னைக் குளிப்பாட்டியவர் அவர், தலை வாரிவிட்டவர் அவர், நான் எழுந்து போகமுடியாத காலத்தில் எல்லாவற்றையும் முகம் சுளிக்காமல் எடுத்துக் கொட்டியவரும் அவர்தான். அதனால்தான் அவரிடம் முடியாது என்று சொல்வது எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் யோகேஸ்வரி. பாசிர் கூடாங்கில் பிளாஸ்டிக் வாளி, கூடை, நாற்காலி செய்யும் ஒரு தொழிற்சாலையில் லைன் லீடர். எனக்குக் கீழே வேலை செய்யும் பிள்ளைகள் எனக்குப் பின்னால் என்னைப் புயல் என்று கூப்பிடுவது எனக்குத் தெரியும். கேட்காத மாதிரி இருப்பேன், உள்ளுக்குள் பெருமையாக இருக்கும். இரவு வேலை முடிந்து காலையில் மோட்டாரில் வீட்டுக்குத் திரும்பும்போது, சிக்னல் போடாமல் வளைந்த ஒரு லோரி என்னைத் தட்டிவிட்டது. மற்ற இடங்களிலெல்லாம் சிராய்ப்புதான். வலது தொடை எலும்பு மட்டும் பல துண்டாகிவிட்டது. உள்ளே நீளமாக ஒரு கம்பியைச் செருகி, மேலேயும் கீழேயும் திருகாணி போட்டு முடுக்கியிருக்கிறார்கள். அறுவை முடியும்வரை நான் பிழைப்பேனா என்பதே யாருக்கும் தெரியவில்லையாம். ரத்தம் அவ்வளவு போயிருந்தது.

அப்போது ஆப்பரேஷன் அறைக்கு வெளியே நின்றுகொண்டு அக்கா வேண்டியிருக்கிறார். வேண்டியது என்னவென்று அவர் வாயாலேயே சொன்னார்.

"முருகா, அவள உசிரோட குடு. வர்ற தைப்பூசத்துக்கு அவளே தன் கால்ல நடந்து வந்து உனக்குப் பால்குடம் எடுப்பா."

நான் மயக்கத்தில் கிடந்தபோது என் கால் ஏலம் போயிருக்கிறது.

அக்கா, டாக்டர் இன்னும் காலை ஊன்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறாரே என்றேன். கொடுத்தவர் காப்பாற்றமாட்டாரா என்றார். வீல்சேரில் போகலாமா என்றால் அதுவும் கூடாது, 'தன் கால்ல நடந்து' என்று வாய்விட்டுச் சொல்லியாகிவிட்டது. பக்கத்துத் தாமான் குடியிருப்பில் உள்ள மாரியம்மன் கோயிலில் இருந்து முருகன் கோயில்வரை வெறுங்காலோடு நடக்கவேண்டும். காலையில் கிளம்பினாலும் உருமி மேளம் ஆடி ஆடிப் போய்ச்சேர உச்சி வெயில் வந்துவிடும். நல்ல காலோடு நடப்பவர்களே கடைசியில் நொண்டுவார்கள்.

முருகனோடு எனக்கு ஒரு தகராறும் இல்லை. தினமும் படுத்த இடத்திலிருந்தே கும்பிடுகிறேன். அவரைக் கேட்டால், கொஞ்சம் பொறு என்றுதான் சொல்வார் என்று எனக்குப் பட்டது. ஆறு முகத்தில் ஒரு முகமாவது என் எக்ஸ்ரேயைப் பார்த்திருக்காதா?

அந்த எக்ஸ்ரேயைப் பற்றிச் சொல்லவேண்டும். ஏனென்றால் உறவுக்காரர்கள் பேச்சுக்கு ஒரு தடவை நான் கட்டுப்பட்டேன். தீபாவளி அன்று.

எங்கள் வீட்டில் தீபாவளிக்குத் திறந்த இல்ல உபசரிப்பு உண்டு. மலாய் நண்பர்கள், சீன நண்பர்கள், விஜயனின் பஸ் கம்பெனி ஆட்கள் எல்லாரும் வருவார்கள். விஜயன் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறார். அந்த வருஷம் பலகாரமெல்லாம் கடையில் வாங்கியது. வந்த உறவுக்காரப் பெண் ஒருத்தி முறுக்கைக் கடித்துப் பார்த்துவிட்டு, யோகேஸ் கை முறுக்கு மாதிரி வருமா என்றாள். இன்னொருத்தி, இப்படிப் படுத்தே கிடந்தால் கால் மறந்துபோகும், எழுந்து நாலு நடை நடந்தால்தான் ரத்தம் ஓடும் என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வாக்கரைச் சுவரில் சாய்த்துவிட்டு, இரண்டு காலையும் ஊன்றி அடுப்பின் முன்னால் நின்றேன். எல்லாரும் கைதட்டினார்கள். ஒரு ஈடு முறுக்கு எடுத்தேன். இரண்டாவது ஈடு எண்ணெயில் இருக்கும்போது தொடைக்குள்ளே ஏதோ விட்டுக்கொடுத்தது. சத்தம்கூட வரவில்லை. அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன்.

கம்பியின் கீழ்முனைத் திருகாணி உடைந்திருந்தது. டாக்டர் என் தோளுயரம்கூட வராத ஒரு மலாய்ப் பெண்மணி. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்து, எலும்புத் துண்டுகளுக்கு நடுவே மேகம் மாதிரி லேசாக ஒரு வெண்மை படர ஆரம்பித்திருப்பதைக் காட்டினார். அதுதான் புது எலும்பு. அது கெட்டிப்படும்வரை எடையைக் கம்பிதான் தாங்குகிறது. இன்னொரு தடவை மிதித்தால் கம்பியே உடையும். உடைந்தால் திரும்பவும் திறந்து, இடுப்பிலிருந்து எலும்பை எடுத்து வைக்கவேண்டும். அப்போதும் இந்தக் கால் குட்டையாகவே நிற்கலாம். இவ்வளவையும் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஜங்கான் பிஜாக், காக்" என்றார். மிதிக்காதீங்க அக்கா என்று அர்த்தம்.

அன்று முடிவு செய்தேன். கைதட்டியவர்களில் ஒருவர்கூட அந்த அறைக்கு என்னோடு வரவில்லை. இனி இந்தக் கால் விஷயத்தில் நான் யாருக்கும் கட்டுப்பட்டவள் இல்லை.

அதனால் பால்குடம் முடியாது என்றேன். மீனை நிறுத்தவும் முடியாது என்றேன். மறுநாளும் சாம்பார்தான் வந்தது.

என் தோழி அமலோற்பவம் இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். பசாரில் மீன் விற்கிறாள். செய்தி அவள் காதுக்குப் போனதும் சூப்பைத் தூக்கில் ஊற்றி, அக்கா குளிக்கும் நேரம் பார்த்துப் பின்பக்கக் கம்பிக்கதவு வழியாக நீட்டினாள். முதல் நாள் திருட்டுப் பிள்ளை மாதிரி அவசரமாகக் குடித்தேன். தொண்டை சுட்டுவிட்டது. எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது. என் வீட்டில், என் காலுக்கு, நான் ஏன் ஒளிந்து குடிக்கவேண்டும்?

"நாளையிலருந்து முன்வாசல்ல வா அமலா. செருப்ப கழட்டி வச்சிட்டு, நல்லா சத்தமா பேசிக்கிட்டே வா."

அவள் அப்படியே வந்தாள். சத்தத்துக்கு அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவேண்டியதில்லை. அக்கா சமையற்கட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். மூக்கில் முந்தானையை வைத்திருந்ததாக அமலோற்பவம் சொன்னாள். அந்த வாரம் முழுக்க வீட்டில் ஒரு பக்கம் சாம்பிராணி வாசம், மறுபக்கம் ஹாருவான் வாடை.

விரதம் முறிந்த செய்தி உறவுக்காரர்களிடையே பரவியது. ஆள் மாற்றி ஆள் வந்தார்கள். எல்லாரிடமும் ஒரு கதை இருந்தது. யாரோ ஒருவர் முதுகெலும்பு உடைந்தும் காவடி எடுத்தாராம். யாரோ ஒரு பெண் மாவுக்கட்டோடு தீமிதித்தாளாம். அந்த யாரோக்கள் ஒருவருக்கும் பெயர் கிடையாது, ஊர் கிடையாது. பெயர் உள்ள ஒரே ஆள் கமலநாதன். விஜயனின் பழைய சிநேகிதர், சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. கணுக்கால் உடைந்தபோது கட்டோடு எல்லைப் பாலம் தாண்டி வேலைக்குப் போனவர் என்று எங்கள் வட்டாரத்தில் அவருக்குப் பெரிய பேர். அவரே வந்து என் முன்னால் உட்கார்ந்து, மனசு வைத்தால் எல்லாம் முடியும், படுத்தால் படுத்ததுதான் என்று புத்தி சொன்னார்.

நான் மரியாதையாகக் கேட்டுக்கொண்டேன். அவர் கிளம்பும்போது வாசலில் அவர் செருப்பைப் பார்த்தேன். இடது செருப்பு ஒரு பக்கமாக மட்டும் காகிதம் போலத் தேய்ந்திருந்தது. படி இறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அவர் நொண்டுவது எங்கள் எல்லாருக்கும் தெரியும், அதை யாரும் சொல்வதில்லை. கட்டோடு வேலைக்குப் போன கதையை மட்டும் சொல்வோம்.

சும்மா கிடக்கிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். சும்மா கிடப்பதைப் போல வேலை வாங்கும் வேலை எதையும் நான் பார்த்ததில்லை. தொடைச் சதையை இறுக்கிப் பிடித்து விடவேண்டும், திரும்பத் திரும்ப. முழங்காலை மடக்கவேண்டும், மடங்காது, கண்ணில் நீர் வரும், மறுபடி மடக்கவேண்டும். வலது காலைத் தரையில் தொட்டும் தொடாமலும் வைத்து, எடையெல்லாம் கைகளில் தாங்கி வாக்கரில் கழிவறைவரை போய்வந்தால் சட்டை நனைந்துவிடும். இதற்கெல்லாம் நடுவில் ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கவேண்டும். எனக்கு எழுந்து ஓடவேண்டும் போல இருந்தது. மோட்டார் சாவியைத் தலையணைக்குக் கீழே வைத்திருந்தேன். சில சாயங்காலங்களில் அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுவேன். அழுதுவிட்டுத் திரும்பச் சதையை இறுக்குவேன்.

விஜயன் நல்ல மனிதர். ஆனால் இரண்டு பேர் சண்டை போட்டால் சரியாக நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையாட்டுவார். ஒருநாள் மெதுவாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"முழு தூரம் வேணாம் லா. கோயில் வாசல்லருந்து உள்ள மட்டும். நானும் கமலும் ரெண்டு பக்கமும் புடிச்சுக்கறோம். அஞ்சு நிமிசம். அக்கா மனசு ஆறிடும்."

"வொர்க்‌ஷாப்புல கியர்பாக்ஸ கழட்டிப் போட்டிருக்கற பஸ்ஸ, சாமி காரியம்னு சொல்லி ஆள் ஏத்திக்கிட்டு அஞ்சு நிமிசம் ஓட்டுவீங்களா?"

அவர் எழுந்து வாசலுக்குப் போய்ப் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். ஏற்கெனவே மழை பெய்துகொண்டிருந்தது.

தைப்பூசம் நெருங்கியபோது அக்கா இரண்டு நாள் தங்காக் போய்வந்தார். வரும்போது மஞ்சள் புடவை ஒன்று கொண்டுவந்தார். பருத்தி, சிவப்புக் கரை, அழகான புடவை. தங்காக் துணிக்கடைகளில் நாலைந்து ஏறி இறங்கியிருப்பார். என் பழைய ரவிக்கையை அளவுக்கு எடுத்துக்கொண்டு போய் ரவிக்கையும் தைத்துவிட்டார். விஜயன் இருக்கும்போது அதை என் மடியில் வைத்துவிட்டு, கட்டிப் பாரு என்றார்.

நான் புடவையை மடிப்புக் கலையாமல் எடுத்து அவர் மடியில் திரும்ப வைத்தேன். கோபமாகத்தான் இருந்தது. எத்தனையோ நாளாக அடக்கிவைத்தது.

"வேண்டிக்கிட்டது நீங்க அக்கா. வாய் உங்களோடது. கால் மட்டும் என்னோடதா?"

விஜயன் என் பெயரைச் சொல்லி அடக்கப்பார்த்தார். அக்கா அவரைக் கையமர்த்தினார். அக்கா அழுதுவிட்டார். அவர் அழுது அதுவரை நான் பார்த்ததில்லை. தன் கணவர் செத்த வீட்டில்கூட எல்லாருக்கும் காப்பி கலக்கிக்கொண்டிருந்தவர் அவர்.

ஹேமநாதன் கதையை அன்றுதான் முழுசாகக் கேட்டேன். அக்காவுக்கும் விஜயனுக்கும் நடுவில் பிறந்தவர். நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே இறந்துவிட்டார், படத்தில்தான் பார்த்திருக்கிறேன். மூளைக்காய்ச்சல் வந்து பிழைக்கமாட்டார் என்று சொன்னபோது, அவர் காவடி எடுப்பார் என்று அக்கா வேண்டிக்கொண்டாராம். பிழைத்தார். அப்போது அவருக்குப் புது வேலை. முதல் வருஷமே லீவு கேட்கவேண்டாம், அடுத்த பூசத்துக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னதும் அக்காதான். அடுத்த பூசத்துக்கு முன்னால் செம்பனைக் குலை ஏற்றிப்போன லோரி கவிழ்ந்து அவர் போய்விட்டார்.

"நீயும் லோரியில அடிபட்டு வந்த. எனக்கு எப்படி இருந்திருக்கும்? இந்தத் தடவ தள்ளிப்போட மாட்டேன்னு நெனச்சேன், யோகேஸ். அவ்ளோதான் நெனச்சேன்."

எனக்கும் அழுகை வந்துவிட்டது. இவ்வளவு நாள் இந்த அம்மாளை அதிகாரம் பண்ணுகிறவர் என்று நினைத்தேன். இவர் பயந்துபோய்க் கிடக்கிறார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கை என்னை எத்தனை தடவை தூக்கி உட்காரவைத்திருக்கிறது. சரி அக்கா என்று சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தீபாவளி அன்று தொடைக்குள்ளே அது விட்டுக்கொடுத்தது ஞாபகம் வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"பயம் உங்களோடது அக்கா. அத என் கால்ல கட்டி நடக்க விடாதீங்க. நடந்தாத்தான் போகும்னா நீங்க நடங்க. நான் எங்கயும் ஒளிஞ்சிக்க மாட்டேன். அன்னைக்கு கோயில் வாசல்ல, எல்லாரும் பாக்கற மாதிரி உட்கார்ந்தே இருப்பேன். என் கால் எப்ப சொல்லுதோ அப்ப நானே வந்து எடுப்பேன். அது வரைக்கும் சாமி காத்திருப்பாரு. அவருக்கு என்ன அவசரம்?"

அக்கா கையை உருவிக்கொண்டு, புடவையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு நின்றுபோனது. சாப்பாடு நேரத்துக்கு வந்தது. மாத்திரை வந்தது. குளிப்பாட்டலும் நடந்தது, ஒரு வார்த்தை இல்லாமல். முதுகு தேய்க்கும்போது கொஞ்சம் அழுத்தித்தான் தேய்த்தார். பூசத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஜன்னல் வழியாகத் துணிக்கொடியைப் பார்த்தேன். மஞ்சள் புடவையைத் துவைத்துக் காயப்போட்டிருந்தார். பக்கத்தில் ஒரு ரவிக்கையும் காய்ந்தது. என் அளவு இல்லை. என்னைப் போல இரண்டு பேர் அதற்குள் போகலாம். அக்காவுடைய அளவு.

பூசத்தன்று விஜயன் என்னை வீல்சேரில் வைத்துக் கோயிலுக்குத் தள்ளிக்கொண்டு போனார். வீல்சேரை அமலோற்பவம் தன் கோயிலிலிருந்து இரவல் வாங்கித் தந்திருந்தாள். முதுகுப்பக்கம் 'மாதா கோயில் உடைமை' என்று கொட்டை எழுத்தில் பெயிண்ட் அடித்திருந்தது. முருகன் கோயில் வாசலில், தண்ணீர்ப் பந்தலுக்கு முன்னால், எல்லாருக்கும் அந்த எழுத்து தெரிகிற மாதிரி உட்கார்ந்தேன். வலது காலை நீட்டி ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் வைத்தேன். அந்த முக்காலி எங்கள் தொழிற்சாலைச் சரக்கு. உறுதியாக இருக்கும்.

தெரிந்தவர்கள் எல்லாரும் என்னைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். ஒவ்வொருவரும் நின்றார்கள். இன்னுமா நடக்கவில்லை என்றார்கள். சிலர் பாவப்பட்டு, சிலர் குத்தலாக. விளக்கம் சொல்லக் கூடாது என்று வீட்டிலேயே முடிவு செய்து வந்திருந்தேன். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் மன்னிப்புக் கேட்பது போலாகிவிடும்.

"இன்னும் இல்ல" என்றேன். எல்லாருக்கும் அதே பதில். சிரித்துக்கொண்டே.

வெயில் ஏறியது. தெருக்கோடியில் உருமிச் சத்தம் கேட்டது. முதலில் காவடிகள், பின்னால் மஞ்சள் புடவைகளின் வரிசை. அதில் அக்காவைக் கண்டுபிடிக்க எனக்கு நேரமாகவில்லை. தலையில் குடம், இரண்டு கையும் அதன்மேல். வியர்வை முகத்தில் வழிய, தார் சாலையில் வெறுங்கால்களை மாற்றி மாற்றி வைத்துவந்தார். பாதம் சுட்டுவிட்டது என்பது நடையிலேயே தெரிந்தது. பக்கத்தில் சாலையோரம் புல் இருந்தது. அவர் புல்லுக்கு ஒதுங்கவில்லை.

உருமி எங்களுக்கு நேராக வந்து நின்று அடித்தது. அந்த அடி நெஞ்சுக்குள்ளே அடிப்பது. கூட்டம் வேல் வேல் என்றது. என் இடது பாதம் தானாகவே வீல்சேரின் கால்பலகையிலிருந்து இறங்கித் தரையைத் தொட்டுவிட்டது. எழுந்திரு, எழுந்திரு என்று உடம்பு முழுக்கக் கேட்டது. அந்த நேரம் பார்த்துக் கமலநாதன் பின்னாலிருந்து வந்து என் இரண்டு கக்கத்திலும் கைகொடுத்தார்.

"ரெண்டே எட்டு தங்கச்சி. எழுந்து கொடத்த ஒரு தொடு தொட்டுட்டு உட்காரு. சாமி முன்னால ஒண்ணும் ஆவாது."

சுற்றி நின்றவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒரு பெண் கைதட்டவே ஆரம்பித்துவிட்டாள். அந்தக் கைதட்டல் எனக்குப் பழக்கமானது. நான் இரண்டு கையாலும் என் வலது தொடையை, தழும்புக்கு மேலே, அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"கைய எடுங்கண்ணே."

அவர் எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் தூக்கினார். அப்போது விஜயன் குனிந்தார். பஸ்ஸை நிறுத்தியதும் எப்படிச் செய்வாரோ அப்படியே, வீல்சேரின் இரண்டு பக்கப் பிரேக்கையும் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்திப் போட்டார். நிமிர்ந்து கமலநாதனுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றார்.

"வேணாம் கமல். அவளுக்கு இன்னும் ஆறல."

இத்தனை வருஷத்தில் அவர் நடுவில் நிற்காமல் ஒரு பக்கத்தில் நின்றதை அன்றுதான் பார்த்தேன். கமலநாதன் கையை எடுத்துக்கொண்டார். தன் கணுக்காலை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டாரோ என்று எனக்குச் சந்தேகம்.

அக்கா எங்களைத் தாண்டும்போது தலையைத் திருப்பவில்லை, குடம் இருந்ததே. கண்ணை மட்டும் திருப்பினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. முக்காலியில் நீட்டியிருந்த காலைப் பார்த்தார். அது அங்கேயே, நான் சொன்ன இடத்தில் இருந்தது. உள்ளே போய்விட்டார்.

அபிஷேகம் முடிந்து அவர் வெளியே வர வெகுநேரமாயிற்று. புடவையில் பால் வாடை, நெற்றியெல்லாம் விபூதி. குதிகாலை ஊன்றாமல் விரல்களில் நடந்துவந்தார். விஜயன் ஒரு நாற்காலியைப் போட்டார். அக்கா உட்கார்ந்து, புடவையைச் சற்றுத் தூக்கித் தன் பாதங்களைப் பார்த்தார். இரண்டிலும் கொப்புளம். ஒன்று உடைந்திருந்தது. நான் என் காலைக் கையால் தூக்கி முக்காலியின் ஓரத்துக்கு நகர்த்தினேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தன் கால்களைத் தூக்கி மிச்ச இடத்தில் வைத்துக்கொண்டார்.

"இந்த ரோடு எப்படி சுடுது தெரியுமா உனக்கு" என்றார். பல நாளுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு.

தெரியாது என்றேன். அடுத்த பூசமோ அதற்கடுத்த பூசமோ தெரிந்துகொள்வேன் என்றேன். அவர் என் முழங்கால்மேல் கையை வைத்துக்கொண்டார். விபூதி ஒட்டிக்கொண்டது. அமலோற்பவம் பந்தலிலிருந்து ஆளுக்கொரு எலுமிச்சைச் சாறு கொண்டுவந்து கொடுத்தாள். மறுநாள் சூப்புக்கு எத்தனை மீன் எடுத்துவைக்கட்டும் என்று கேட்டாள். பெரிசா ரெண்டா வை, எனக்கும் சேத்து என்று அக்காதான் சொன்னார்.

அப்போது அன்னதானக் கூடத்திலிருந்து ஒரு பெண் வேகமாக வந்தாள். பரிமாற ஆள் போதவில்லையாம், பந்தி காத்திருக்கிறதாம், புஷ்பா அக்கா உடனே வரவேண்டுமாம். கூப்பிட்ட குரலுக்கு எழுந்தே பழகிய உடம்பு அது. அக்கா முக்காலியிலிருந்து கால்களை இறக்கி, நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி, பாதி எழுந்துவிட்டார். உடைந்த கொப்புளம் தரையில் பட்டதும் முகம் சுருங்கியது.

நான் அவர் முந்தானையைப் பிடித்து ஒரு இழு இழுத்தேன். தொப்பென்று உட்கார்ந்தார். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாத்தனாரை இழுத்து உட்காரவைக்கிறாளே என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

அக்கா என்னை முறைத்தார். பிறகு தன் பாதங்களைப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார். மெதுவாகத் தன் கால்களைத் திரும்பத் தூக்கி முக்காலியில் வைத்தார்.

"இன்னும் இல்ல" என்றார் அந்தப் பெண்ணிடம்.

வந்தவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாங்கள் எழுந்திருக்கவில்லை.